மூன்றரை மணி வெளிச்சம்

லிங்கிச் செட்டித் தெருவில்
இரண்டாம் மாடி.
ஏறியதும் இடதுபக்கம்
சரக்கு அனுப்பும் கம்பெனி.
ஜன்னல் உண்டு.
அதை மறைத்து நிற்கிறது
தொண்ணூற்றாறாம் வருடத்துக் கோப்புகளோடு
ஒரு பீரோ.

பழைய டியூப்லைட் இருந்தவரை
அதைத் திட்டவாவது முடிந்தது.
சோக்கு முனகும்.
ஓரம் கறுத்து, கண் சிமிட்டி,
செத்தேனா இருக்கேனா என்று
நாளெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும்.
ஹாஜிரா ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவாள்.
பிழைத்துக்கொள்ளும்.

தீபாவளிக்கு முன்னால் முதலாளி
பதினாறு எல்இடி பலகை மாட்டினார்.
அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது:
பகல் வெளிச்சம்.
எந்த ஊர்ப் பகல் என்று போடவில்லை.
அன்றைக்கு நாங்கள்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
காசிமேட்டில் ஐஸ்மேல் கிடத்திய
வஞ்சிரங்களைப் போல.
நிழலே இல்லை.
பேனா மூடிக்குக்கூட இல்லை.

காலை பத்துக்குப் பரவாயில்லை.
பன்னிரண்டுக்கும் பரவாயில்லை.
சாப்பாட்டு டப்பா கழுவி வைத்து
மூன்றரை ஆகும்போது
இமைக்குள் யாரோ
எண்ணூர் மணலை ஒரு சிட்டிகை வைக்கிறார்கள்.
நெற்றிப்பொட்டில் ஒரு குண்டூசி.
கன்டெய்னர் நம்பரில் இருக்கும் எட்டு
மெதுவாக ஒரு பக்கம் திறந்து
மூன்றாகிவிடுகிறது.

அப்படித்தான் போனது
பண்ருட்டி முந்திரிப்பருப்பு, நாற்பதடிப் பெட்டி.
ஒரே ஒரு எண் மாறியதற்குத்
துறைமுக வாசலில்
ஆறு நாள் வெயில் காய்ந்தது.
வாடகை ஏறியது.
"தூங்கிட்டே டைப் அடிச்சியா?"
என்றார் மேனேஜர் கமலக்கண்ணன்.
தூங்கவில்லை சார்.
தூங்கியிருந்தால் எழுந்திருப்பேன்.
இது வேறு.
இதற்கு லீவு லெட்டரில் பெயர் கிடையாது.

ஏழு மணிக்கு இறங்கி
பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி.
அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினால்
எங்கள் ஊர்ப் புகைபோக்கிகள்.
மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை
இருட்டுவதற்குள் சாம்பல் சட்டை.
உதறி மடிக்கையில் நினைப்பேன்:
இங்கே இத்தனை கரி எரிந்துதானே
அங்கே என் தலைக்குமேல் அத்தனை வெள்ளை.
படுத்த பிறகும் இமைக்குள்
பதினாறு சதுரம்.
எண்ணிப் பார்த்தால்
சில ராத்திரி பதினேழு.

போன வியாழக்கிழமை கரண்ட் போனது.
யுபிஎஸ் கொஞ்சம் கத்தி ஓய்ந்தது.
பீரோவின் தலைக்கு மேலே
ஒரு சாண் இடைவெளி.
எதிர்க் கட்டடத்துச் சுவரில் பட்டுத் திரும்பி
கொஞ்சம் மஞ்சளாக, நிறையத் தூசியாக,
இத்தனை மாதமும்
வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
நேராக என் ரிஜிஸ்டரில் வந்து உட்கார்ந்தது.
ஒரு பக்கம் படித்தேன்.
எட்டு எட்டாகவே இருந்தது.
இரண்டு பிழை கண்டுபிடித்தேன்.
இரண்டும் மேனேஜர் கையெழுத்து.
ஒன்றும் சொல்லாமல்
பென்சிலால் சுழித்து வைத்தேன்.

கரண்ட் வந்ததும்
எல்லோரும் அப்பாடா என்றார்கள்.
எனக்கு மட்டும்
யாரோ போர்வையை உருவிய மாதிரி.

மறுநாள் ஏசி பார்க்க வந்த எத்திராஜுக்கு
டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.
மேலே பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார்.
"ஃபியூஸ் போச்சுன்னு எழுதிடவா?"
ஸ்டூல் போட்டு ஏறினார்.
ஒரே ஒரு ஒயர்.

இப்போது பதினைந்து.
என் மேஜைக்கு ஒரு நிழல் கிடைத்திருக்கிறது,
பூனைக்குட்டி அளவில்.
மத்தியானமானால் ஹாஜிரா
நாற்காலியை அரை அடி
இந்தப் பக்கம் நகர்த்துகிறாள்.
நேற்று இன்னும் அரை அடி.

மூன்றரைக்கு மேனேஜரும் வருகிறார்,
ஏதோ ஃபைலில் ஒரு சந்தேகம் என்று.
சந்தேகம் சின்னதுதான்.
தீர்ந்த பிறகும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
கொஞ்ச நேரம்
இங்கேயே நிற்கிறார்.