ஓரெழுத்துத் தொலைவு

வாசல் பலகையில் தண்டையார்பேட்டை,
அதற்குக் கீழே ஆங்கிலத்தில் டோண்டியார்பேட்.
இரண்டும் ஒரே கட்டடம்.
மாடியில், கிறீச்சிடும் மின்விசிறிக்கு அடியில்
எனக்கொரு ஸ்டூல்.
வெள்ள நிவாரணப் பட்டியலில்
ஓர் ஆள் இரண்டு ஆளாக இருக்கக் கூடாது
என்பதற்காக
மூன்று மாதக் கூலிக்கு என்னை வைத்திருந்தார்கள்.

முதல் நாளே ஏழுமலை வந்தார்.
ரேஷன் அட்டையில் ஏளுமலை,
வாக்காளர் பட்டியலில் எலுமலை,
வங்கிப் புத்தகத்தில் யேழுமலை,
காசிமேட்டுப் படகுச் சங்கத்தின் நீல நோட்டில்
யாரோ அவசரத்தில் கிறுக்கியபடி
7மலை.
இடது உள்ளங்கையில் நரம்பு கிழித்த தழும்பு மட்டும்
எல்லா அட்டைக்கும் ஒன்றுதான்.

ஆகவே கணினிக்குக் காது வைத்தேன்.
ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எண்.
ர, ற இரண்டுக்கும் ஒன்று.
ந, ன, ண, சண்டை போடாமல்
ஒரே பெஞ்சில் உட்காருங்கள்.
வண்டிக்காரர் வாயப்பயம் என்று கூவுகிற ஊர்,
அதனால் ழவும் யவும் உறவு.
உயிரெழுத்தை உதறு,
மெய்யை மட்டும் வரிசையில் நிறுத்து.
எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் மிஞ்சுகிறதே,
அதற்குத்தான் தொலைவு.
ஒரு பெயர் இன்னொரு பெயராக எத்தனை அடி நடக்க வேண்டும்?
ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஓரடி,
தள்ளினால் ஓரடி, மாற்றினால் ஓரடி.
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் நஸ்ரின்,
கேஸ் புத்தகத்தில் நசுரீன்.
என்னிடமிருந்து என்னிடம் வந்து சேர
ஓரடி.
அதுவரை மன்னிக்கலாம் என்று முடிவானது.

ஒரே ராத்திரியில்
பதினோராயிரம் பெயர்
ஒன்பதாயிரத்து நானூறாக இளைத்தது.
பஜ்ஜி வாங்கித் தந்தார்கள்.
7மலை மட்டும் யாரோடும் ஒட்டாமல் நின்றார்.
அவரை நானே கையால் சேர்த்தேன்,
சிரித்துக்கொண்டே.

எட்டாம் நாள் கவுண்டரில் ஒரு பெண்.
முந்தானையில் செதில் ஒன்று மினுங்கியது.
'எங்க அக்காவுக்கு வந்துச்சி, எனக்கு வர்ல.
நாலு நிமிசம் முன்னாடி பொறந்தா,
அதுக்குன்னு மொத்தமும் அவளுக்கா?'

திரையைத் திருப்பினேன்.
ஜெபமணி.
ஜெயமணி.
அதே தேதி, அதே அப்பா, அதே சந்து, அதே கதவெண்.
நடுவே ஓரடி.
எனக்கும் எனக்கும் நடுவே இருந்த
அதே ஓரடி.

'இன்னாம்மா முழிக்கிற?
உசுரோடதான கீறேன்?'

ஐம்பத்தேழாவது வரி.
உயிரை உதறு.

அந்த ஓரடியைப் பிடுங்கினால்
ஏழுமலை மறுபடி இரண்டாகிவிடுவார்.
விட்டுவைத்தால் இவள் இல்லை.
உனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று
கேட்டேவிட்டேன், வேறு வழி தெரியாமல்.
'அவ கோயில்ல பாடுவா.
நான் துறைமுகத்துல ஏலம் கூவுவேன்.
தொண்டையக் கேட்டா தெரியாதா?'
என் அட்டவணையில்
தொண்டைக்குக் கட்டம் கிடையாது.

மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார்.
பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி
இவர் வேறு நபர் என்று எழுதினேன்.
தேதி போட்டேன்.
பேனாவை அவள் பக்கம் நீட்டினேன்.

வாங்கி, நிதானமாக,
மூன்று சுழிக்குப் பதில் இரண்டு சுழி போட்டு
ஜெயமனி
என்று கையெழுத்திட்டாள்.
நான் திருத்தவில்லை.
மை காயும்வரை
தாளை விரலால் பிடித்தபடி நின்றாள்.