குமிழ் விழுந்த ஷீட்

அருமனைக் கடைக்காரர் ஷீட்டை
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
"குமிழாக்கும்" என்றார்.
கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் குறைத்தார்.
திரும்ப ஆட்டோவில் ஏற்றவும் கூலி வேண்டும்.
விற்றுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் களியலில்
எங்கள் புகைப்புரை வாசலில் ஒன்பது பேர்.
பால் கொண்டுவரச் சிலருக்குப் பிந்துகிறது என்றாள் றோஸ்லெட்.
பிந்துவது லில்லிபுஷ்பம்.
டிஷ்ஷைச் சிலர் சரியாகக் கழுவுவதில்லை என்றாள் லில்லிபுஷ்பம்.
கழுவுவது நான்.
யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை.
ஒன்பது பேருக்கும் காயம்.

மழை வந்தது.
இந்த ஊரில் மழைக்காக யாரும் சண்டையை நிறுத்துவதில்லை.

வீட்டில் சோறு வடிக்கவில்லை எனக்கு.
அந்த அவசரத்தில்தான் சொன்னேன்:
"ஒரு சுற்று எல்லாரும் பேசி முடியட்டும்.
அதுவரை ஒருத்தியும் இரண்டாம் தடவை வாய் திறக்கக் கூடாது.
அடுத்தவள் கதை வேண்டாம்.
அவரவர் கை செய்ததை மட்டும்."

றோஸ்லெட்டுக்கு அது உபவாசம்.

நானே தொடங்கினேன்:
வியாழன் டிஷ் கழுவவில்லை, மகனுக்குப் பனி.
லில்லிபுஷ்பம்: பிந்தினேன், மூன்று நாள்.
றோஸ்லெட்: நுரை அள்ளாமல் விட்டேன்,
ஆனால் அதற்குக் காரணம்...
எட்டு பேரும் அவளைப் பார்த்தோம். நிறுத்தினாள்.

ஏழாவதாக வசந்தபாய்.
மூன்று வருடமாக இவள் குரலை
"உள்ளேன்" என்றுதான் கேட்டிருக்கிறோம்.

"ஆசிட்டு ஊத்துத பழைய கப்பு பொத்தலாப் போச்சு.
புதுசு அதவிடப் பெருசு.
சுவத்துல 'ஒரு கப்'புன்னு எழுதியிருக்கு.
நான் ஒரு கப்புதான் ஊத்துதேன்.
ரெண்டு மட்டம் சொல்ல வந்தேன்.
அப்பம் நீங்க பேசிட்டு இருந்திய."

நோட்டைப் புரட்டினேன்.
வைகாசி ஒன்பது.
பிளாஸ்டிக் கப் ஒன்று, ரூபாய் இருபத்தைந்து.
வாங்கியவர் இடத்தில் என் கையெழுத்து,
கொஞ்சம் அழகாகவே போட்டிருந்தேன்.

சொல்ல நாக்கு துடித்தது.
ஆனால் இன்னும் இரண்டு பேர் பாக்கி.
விதி நான் வைத்தது.
அம்பிளி ரோலர் எண்ணெயைப் பற்றிச்
சாவதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
புகைப்புரைச் சுவரில் சாய்ந்து,
நனைந்த விறகின் காரம் கண்ணில் ஏற,
என் தவறை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இப்போது சுவரில் 'அரை கப்'.
திங்கள்தோறும் சுற்று உண்டு.
றோஸ்லெட் முறை மீறுவாள்.
லில்லிபுஷ்பம் அவள் வாயில் ஒரு முறுக்கைத் திணிப்பாள்.

குமிழ் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை.
போன வாரமும் இரண்டு ஷீட்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
முதலில் வசந்தபாயிடம் நீட்டுகிறோம்.
அவள் கொஞ்சம் யோசிப்பாள்.

அந்தக் கொஞ்ச நேரம்
பேசாமலிருக்க
எட்டு பேரும் படித்துக்கொண்டிருக்கிறோம்.