புள்ளி வைக்காத அடுப்பு

மலிவாகக் கிடைப்பதெல்லாம்
எழுத்துப் பிழைக்குள் ஒளிந்திருக்கும்.

எங்கள் மொழியில் அடுப்பு என்று எழுத
நடு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வேண்டும்.
அவசரத்தில் அதை விட்டவர்களை
ஞாயிறு இரவுகளில் தேடுவேன்.
ஊமேயோ நீரேற்று நிலையத்தில்
மீட்டர்களைக் கவனிப்பது என் வேலை.
மீட்டர்களுக்குப் பெரும்பாலும் நான் தேவைப்படுவதில்லை.

'பழைய விளக்கு.' 'ஏதோ பித்தளைச் சாமான்.'
'தூபக்கால்?' என்று கேள்விக்குறியோடு ஒருவர்.
மங்கலான படத்தில் பாதி கட்டைவிரல்,
மீதியில் யாரோ மலைக்குத் தூக்கிப்போன அடுப்பு:
உள்ளங்கை அகலத் தொட்டி, சங்கிலியில் சாவி,
கவிழ்த்தால் மூடி, நிமிர்த்தினால் குவளை.

ஏலம் முடிய ஐந்து நொடி இருக்கையில்
விலை சொல்ல வேண்டும்.
முன்பே சொல்பவன் ஆசையைக் காட்டிக்கொடுத்தவன்.
வீட்டில் இருபத்தேழு அடுப்புகள்.
சமைப்பது மைக்ரோவேவில்.

நவம்பரில் ஒன்று வந்தது. புள்ளி இல்லை.
'பித்தளை. கால் உடைந்தது.'
படத்தில் மூன்று காலும் நன்றாகவே நின்றன.
போட்டிக்கு ஒரே ஒருவன், சோல்57 என்று பெயர்.
நாற்பது, அறுபது, எழுபது என
இரண்டு நாளாய்ப் பதறிப் பதறி ஏறினான்.
நாலாவது நொடியில் எண்பத்தொன்று போட்டேன்.
இரண்டாயிரம் குரோனாவுக்குப் போகும் சாமான்.
தனியாக இருந்தும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு உறுத்தியது.
ஹார்னோசாண்டில் யாரோ ஒரு பெண், விவரம் தெரியாமல்...
எழுதிச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
யோசித்ததோடு சரி.

பொட்டலம் வந்தது. செய்தித்தாளுக்குள்
ஆண் சட்டையின் கை ஒன்று,
கத்தரியால் நேர்த்தியாக வெட்டியது, பட்டனோடு.
அதற்குள் அடுப்பு. அடுப்புக்குள் சீட்டு:

"விலை எனக்குத் தெரியும்.
முப்பது வருடம் சாப்பாட்டு மேசையில் கேட்ட விலை.
ஸ்டூரே அக்டோபரில் மலாகாவுக்குப் போய்விட்டார்,
பல் மருத்துவமனை வரவேற்பாளரோடு.
அடுப்புகளை அப்புறம் எடுத்துக்கொள்கிறாராம்.
இன்னும் பதினொன்று இருக்கிறது. வாரம் ஒன்று.
புள்ளி வைக்க மாட்டேன், கண்டுபிடித்துவிடுவீர்கள்.
குன்வோர்."

மூன்றாம் முறை படிக்கும்போதுதான்
சோல் என்ற சொல் உறைத்தது.
எங்கள் மொழியில் சூரியன்.
ஸ்பெயினிலும் அதற்கு அதே பெயர்.

குளிர்காலம் முழுக்க
ஒரு மனிதனின் அலமாரியை அவன் கண்ணெதிரே
வாரம் ஒன்றாகக் காலி செய்தேன்.
அவனும் கற்றுக்கொண்டான்: பத்தாவது நொடி, ஏழாவது நொடி.
நான் மூன்றுக்கு இறங்கினேன்.
சட்டையின் மறு கை வந்தது. காலர் வந்தது.
பிறகு நீலக்கோடு போட்ட வேறொரு சட்டை.
சீட்டு மட்டும் வரவேயில்லை.

கடைசி ஞாயிறு
இரண்டு புள்ளியும் இடத்தில் இருந்தன.
'1984. சாரெக் மலையில் பாறையில் விழுந்து நசுங்கியது.
அன்று மாலையும் காபி போட்டோம், வேலை செய்கிறது.'
படம் தெளிவு. கட்டைவிரல் இல்லை.

சரியாக எழுதினால் ஊரே வந்துவிடும்.
ஆயிரம் தாண்டியது, இரண்டாயிரம் தாண்டியது,
உச்சியில் சோல்57.
என் விரல் பொத்தான்மேல். நாலு. மூன்று.
ஒரு மீட்டர் சிவப்பாக மின்னியது. திரும்பிப் பார்த்தேன்.
அது அடிக்கடி மின்னும், பார்க்கத் தேவையில்லாதது,
அது எனக்கும் தெரியும்.

மூவாயிரத்து நூற்று நாற்பது.
தன் அடுப்பைத் தானே முழு விலைக்கு வாங்கினான்.

செவ்வாயன்று, மைனஸ் பத்தொன்பதில்,
முதலாவதை வெளியே கொண்டுபோய்ப் பற்றவைத்தேன்.
குழியில் கொஞ்சம் ஸ்பிரிட். முதலில் தொண்டை காய வேண்டும்,
பிறகுதான் பேசும்.
பேசியது என்றா சொன்னேன்? கத்தியது.
பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் கத்தியது.
நான் காபியை வைத்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்தெட்டு அடுப்புகள் இருக்கின்றன, வேறொன்றும் வேண்டாம்.
அந்தக் கடைசியை
எதில் சுற்றி அனுப்பினாள் என்று
தெரிந்தால் போதும்.