நாற்பது பயணிகள்

இரவு பதினொன்றுக்கு, ஆள்காட்டி விரலால்
'அனுமதி' என்ற பொத்தானை அமுக்கி
உலாவியை அதன் கையில் விட்டேன்.
படகு முன்பதிவைச் சோதித்துப் பார், என்றேன். அவ்வளவுதான்.

திரையில் அம்பு தானே நகர்ந்தது.
மேசையில் மவுஸ் அசையவில்லை.
அடுத்தவர் ஓட்டும் காரில்
பிரேக்கைத் தேடும் கால் போல
என் விரல் மட்டும் சும்மா துடித்தது.

அது சலிக்காமல் ஆட்களைப் பெற்றுப் போட்டது:
யோவன்னஸ் ஒன்று, யோவன்னஸ் இரண்டு,
எல்லோரும் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள்.
ஒருவருக்கு சைக்கிள்.
ஒருவருக்குச் சக்கர நாற்காலி.
"நாற்பதும் தேறிவிட்டன" என்று எழுதியது.
நன்றி சொல்லிவிட்டுப் படுத்தேன்.

திறந்திருந்த இரண்டு ஜன்னல்களில்
எது ஒத்திகை, எது நிஜம்
என்று நான் சொல்லவில்லை.
அதுவும் கேட்கவில்லை.

காலை ஏழரை. தோர்ஷாவன் துறையில்
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
நோல்சோய்ப் படகு நிரம்பிவிட்டதென்று
மர்யுனைக் கரையிலேயே நிறுத்தியிருந்தார்கள்,
கையில் பூனைக்கூண்டோடு.
உள்ளே ஈரமில்லாத நாற்பது இருக்கைகள்.
ஹால்கிரிம் இன்ஜினை அணைக்காமல்
நாலு நிமிடம் கூடுதலாக நின்றார்,
சக்கர நாற்காலிக்காகச்
சாய்பலகையையும் இறக்கி வைத்து.

தகவல் வந்து ஓடினேன்.
படகு போயிருந்தது.
மர்யுன் ஒன்றும் சொல்லவில்லை, கூண்டை நீட்டினாள்,
கைமாற்றாகக் கொஞ்சம் பிடி என்பதுபோல.
கம்பி வழியே விரலை விட்டு
மன்னிப்புக் கேட்டேன்.

பூனை கடித்தது.
சரியான விரலைத்தான்.