நாலரை மீட்டர்

காலை ஒன்பதுக்கு உடோன் ஆலையின் சங்கு ஊதும்.
மூன்று மணியிலிருந்து மாவோடு மல்லுக்கட்டிய கை
கேமராவைத் தூக்க முதலில் மறுக்கும்.
வெள்ளை ரப்பர் பூட்ஸைக் கழற்றச் சோம்பல்.
அப்படியே குளத்துக்கு வண்டியை விடுவேன்.

லென்ஸுக்கு முப்பத்தாறு தவணை.
பத்தொன்பது பாக்கி.
பறவை வந்தாலும் வராவிட்டாலும்
மாதம் பிறந்தால் வங்கி கொத்திக்கொண்டு போகும்.

மேற்குக் கரையில் வழக்கம்போல
ஓய்வுபெற்றவர்கள் பதினோரு பேர்,
பதினோரு பீரங்கி,
ஒரே ஒரு குச்சியைக் குறிவைத்து.
குச்சியை நட்டவர் கமேய்-சான்.
மீன்கொத்தி உட்கார வேண்டிய இடம் அதுதான் என்று
மீன்கொத்தியைக் கேட்காமல் முடிவுசெய்தவர்.
"இடமில்லையே, ஹிசயோ-சான்" என்றார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்,
ஓர் அங்குலமும் நகராமல்.

மதகடிக்குப் போனேன்.
ககாவாவின் வயல்களுக்குத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டு
குளம் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.
சேற்று விளிம்பில்
யாரோ மறந்துபோன சாக்குத் துண்டுபோல
ஒரு வக்காக் குஞ்சு.

குஞ்சு என்றும் சொல்ல முடியாது.
பறக்கத் தெரியும், இறங்கத் தெரியாத வயது.
பழுப்பு உடம்பெங்கும் வெள்ளைப் பொட்டு.
நட்சத்திர வக்கா என்போம் எங்கள் பக்கம்.
வளர வளர நட்சத்திரங்கள் உதிர்ந்து
முதுகு கறுத்து, கண் சிவந்து,
அதுவும் இரவு வேலைக்குப் போகத் தொடங்கிவிடும்.
இப்போதைக்குக் கண் மஞ்சள்.
தலையில் இன்னும் பஞ்சு,
பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டதுபோல.

இருபது மீட்டரில் முதல் படம்.
பன்னிரண்டில் இரண்டாவது.
அப்புறம் அது நடக்க ஆரம்பித்தது,
என்னை நோக்கி.

இந்த லென்ஸுக்கு
நாலரை மீட்டருக்கு உள்ளே கண் தெரியாது.
அது ஓரடி வைக்க
நான் ஓரடி பின்னால் வைத்தேன்.
அது நின்றால் நானும்.
போ, கொஞ்சம் தள்ளிப் போ என்று
உதடு அசையாமல் கெஞ்சினேன்.
உலகத்தில் எல்லாரும் பறவையை நெருங்கப் பார்க்க
நான் மட்டும் ஒரு குஞ்சுக்குப் பின்வாங்கிப் பின்வாங்கி
மதகுச் சுவரில் முதுகு முட்டி நின்றேன்.

குஞ்சு சேற்றுக்குள் அலகை விட்டது.
இழுத்தது ஒரு சிங்கி இறால்,
அதன் வாய்க்குப் பெரிது.
தூக்கிப் போட்டுப் பிடிக்கப் பார்த்தது. தவறியது.
மறுபடி. தவறியது.
மூன்றாம் முறை இறால் வந்து விழுந்தது
என் இடது பூட்ஸின் மேல்.

இறால் கொடுக்கை உயர்த்தியது.
குஞ்சு இறாலைப் பார்த்தது.
என்னைப் பார்த்தது.
நான் கேமராவுக்குள் பார்த்தேன், பழக்கதோஷம்.
உள்ளே பழுப்பாய் ஒரு கறை அசைந்தது.
விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது.

டொக்.

காதில் விழுவதற்கு முன்
கால் பெருவிரலில் விழுந்தது அந்தச் சத்தம்.
கேமராவை இறக்கியபோது
அதன் கழுத்துக்குள் ஒரு முண்டு
மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தது.
மூச்சு விட்டால் அதன் தலைப்பஞ்சு ஆடும்.
விட்டேன். ஆடியது.

அந்நேரம் மேற்குக் கரையில்
பதினோரு ஷட்டரும் ஆலங்கட்டியாய்ப் பொழிந்தன.
மீன்கொத்தி.
குஞ்சு திடுக்கிட்டு, ஒரு கரகரப்பைத் துப்பிவிட்டு,
காலை மடக்க மறந்து
தொங்கத் தொங்கப் பறந்தது.

கமேய்-சான் தன் படத்தைக் காட்டினார்.
நீலம், கச்சிதம், அலகில் மீன்,
துளித்துளியாய் எண்ணலாம் தண்ணீரை.
அழகாக இருந்தது, பொய் சொல்லவில்லை.
"உனக்கு?"
காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி,
"என்ன இது, கம்பளியா?" என்றார்.
"அந்த மாதிரிதான்."

மறுநாள் மூன்று மணி.
கொதிநீர் ஓடும் ஆலைத் தரையில்
இடது பெருவிரல் மட்டும் நனைந்தது.
அலகு போட்ட துளையோ,
முன்பே இருந்த வெடிப்போ,
குனிந்து பார்க்கவில்லை.
மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.
"புது ஜோடிக்கு எழுதிக்கொடு,
இருபத்துமூன்றரைதானே அளவு?"
அடுத்த மாதம் எழுதுகிறேன் என்றேன்.
அதற்குள் பாக்கி
பதினெட்டாகியிருக்கும்.