காத்திருந்த நேரம்

படகு வருகிறதென்று சங்கு ஊதும்.
ராத்திரி இரண்டு மணியோ
ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரமோ,
கடலுக்கு ஏது நாள் கிழமை.
முலையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி
யார் கையிலாவது திணித்துவிட்டு
மரச்செருப்பு சடசடக்க ஓடுவோம்
தோன் பாலாதியோவின் மத்தித் தொழிற்சாலைக்கு.

ஓடிப்போய் என்ன,
படகு இன்னும் முனையைத் தாண்டியிருக்காது.
உப்புத் தொட்டிகளுக்கு நடுவே
ஈரத்தரையில் குந்தியிருப்போம்
ஒரு மணி, இரண்டு மணி,
ஒருமுறை ஐந்தரை மணி.
முதல் மீனின் தலையை நாங்கள் கிள்ளும்போதுதான்
மேஸ்திரி கடிகாரத்தைப் பார்ப்பான்.
அதுவரை
நாங்கள் பிறக்கவே இல்லை.

ஒப்துலியா கேட்டது அவ்வளவுதான்:
இந்த நேரம் யாருடையது?

புரட்சி என்ற சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.
அதை நகரசபைத் திண்டில் ஏறி
மீசை வைத்தவர்கள் அழகாகச் சொன்னார்கள்.
அவளிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு,
நாக்கில் தொட்டு எழுதும் மைப்பென்சில்.
கீழுதட்டில் எப்போதும் ஊதாக் கறை.
சங்கு ஊதிய நேரம்,
படகு வந்த நேரம்,
இரண்டுக்கும் நடுவே ஒரு கழித்தல்.
கணக்குத் தெரியாத முப்பத்தெட்டுப் பேருக்கும்
அவளே கழித்தாள்.

மார்ச் மாதம் பதினொரு நாள் மத்தி அழுகியது.
நாற்றம் பாதிரியாரின் சூப்பு வரைக்கும் போனபிறகு
முதலாளி கையெழுத்துப் போட்டார்:
காத்திருக்கும் மணிக்கு இருபத்தைந்து சென்டிமோ.
அன்றைக்கு நாங்கள் ஆடினோம்.
அவள் ஆடவில்லை, காலில் புண்.

நான் ஒருதரம் அரைமணி கூட்டிச் சொன்னேன்.
எல்லார் முன்னாலும் அதை அடித்தாள்.
"திருடுவது அவர்கள் உத்தியோகம்,
நீ ஏன் அதைக் கற்றுக்கொள்கிறாய்?"
ஒரு மாதம் அவளோடு பேசவில்லை நான்.
அந்த ஒரு மாதத்துக்குள்தான்
ராணுவம் எழுந்துவிட்டது.

தெற்கே போர் என்றார்கள்.
எங்கள் ஊரில் அது மூன்று நாள்கூட நிற்கவில்லை.
பிறகு நீலச்சட்டைக்காரர்கள் கதவைத் தட்டி
மரியாதையாய்த்தான் கூப்பிட்டார்கள்,
"கொஞ்சம் உலாவிவிட்டு வரலாம்."
ஆகஸ்டு முழுக்க ஆட்கள் உலாவப் போனார்கள்.
செருப்புகள் மட்டும் சில திரும்பி வந்தன.

அவள் தினம் ஒரு வீட்டில் படுத்தாள்.
எந்த வீடென்று எங்களுக்கே தெரியாது.
அவர்களும் தேடவில்லை.
சங்கை ஊதினார்கள்.

முப்பத்தொன்பது பேரும் ஓடினோம்.
கடலில் ஒரு விளக்குகூட இல்லை.
வாசலில் லாரி,
அதன்மேல் சாய்ந்து சிகரெட் சுருட்டும் மேஸ்திரி.
எனக்குப் புரியவில்லை, அவளுக்குப் புரிந்தது.
ஏப்ரன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பென்சிலை நாக்கில் தொட்டு
எதையோ எழுதி
என் பக்கம் நீட்டினாள்.
மன்னித்ததால் என்று சொல்ல ஆசைதான்.
நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவே.

ஏழாம் கிலோமீட்டர்க் கல்லுக்கு அப்பால்
கஷ்கொட்டை மரத்தடியில் கிடந்தவளுக்கு
முகம் பாதிதான் மிச்சம்.
உதடு ஊதா.
குளிரில் என்றான் காவலன்.
பதிவேட்டில் எழுதினார்கள்: உள் ரத்தக்கசிவு.
பெயரையும் பிழையாக.

நோட்டை மாவு டின்னில் வைத்து
இருபது வருடம் ரொட்டி சுட்டேன்.
கழித்தல் கற்றுக்கொண்டேன்,
மகளின் சிலேட்டில், திருட்டுத்தனமாக.

கடைசி வரி இது:
சங்கு, நாலு பத்து.
படகு என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

எதிலிருந்து கழிப்பது, ஒப்துலியா?
சென்டிமோவையே ஒழித்துவிட்டார்கள்.
நான் அரைமணிகூடக் கூட்டவில்லை.