மேற்படி மரம்

டிசம்பர் பதினேழு, மாலை நாலே முக்கால்.
ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
ஓனிக்கு இறங்கும் சாலையில்
பழைய நிவா ஒன்று, பின்னால் இழுவைப் பெட்டி,
அது நிறைய பீச் மரக் கட்டைகள்.
கையைக் காட்டினேன். நின்றது.

ஓட்டி வந்தவள் எதேரி.
பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே,
கணக்கில் புலி.
மகஜரில் அதையெல்லாம் எழுத இடமில்லை.
அங்கே அவள் மேற்படி நபர்.

சான்று வைத்திருந்தாள்.
பிளாஸ்டிக் உறையில், கோட்டுக்கு உட்பக்கம்,
மடிப்புக் கலையாமல்.
வெட்ட அனுமதி, சரி.
கன அளவு, சரி.
ஒவ்வொரு கட்டையின் நெற்றியிலும் எண் தகடு, சரி.
ஏற்றிச்செல்லும் தேதி மட்டும்
ஒன்பது நாளுக்கு முன்பே செத்துப்போயிருந்தது.

"மலை சரிந்து பாதை மூடிக் கிடந்ததே ஜூம்பர்,
தடுப்புக் கம்பி போட்டதே நீதானே."
ஆமாம், நான்தான் போட்டேன்.
அந்தக் கம்பியைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

காலாவதியான சான்று, சான்றே அல்ல.
அபராதம்: என் இரண்டு மாதச் சம்பளம்.
வண்டி: பணம் கட்டும்வரை எங்கள் முற்றத்தில்.
மரம்: அரசுக்கு.
மறுமுறை பிடிபட்டால் எல்லாம் இரட்டிப்பு.
வாசித்துக் காட்டுவது கடமை, வாசித்தேன்.
வாயிலிருந்து வந்த ஆவி
பிரிவு எண்களைச் சற்று நேரம்
அவள் முகத்துக்கு முன்னால் பிடித்து வைத்திருந்தது.

அவள் அழவில்லை. பேனா கேட்டாள்.
தன் அப்பா பெயரில் நான் விட்டிருந்த ஓர் எழுத்தைச் சேர்த்தாள்,
பிறகு கையெழுத்திட்டாள்.
வீடு நாலு கிலோமீட்டர். நடந்து போனாள்.

எண்ணினேன். அறுபத்து நாலு கட்டைகள்.

காவல் அறையில் இரும்பு அடுப்பு ஒன்று உண்டு.
எங்களுக்கான விறகு ஒதுக்கீடு
ஏதோ ஒரு மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.
கதவுக்கு வெளியே ஒரு குளிர்காலத்துக்கான நெருப்பு
அடுக்கி வைத்திருக்கிறது,
உள்ளே நான், இரண்டு கோட்டுக்குள்.
தொட்டால் நானும் மேற்படிதான், உட்பிரிவு வேறு.
ராத்திரி இரண்டு தடவை டார்ச்சோடு போய் எண்ணினேன்.
அறுபத்து நாலு.
அறுபத்து நாலு.
காவலா, சபலமா, எனக்கே விளங்கவில்லை.

மூன்றாம் நாள் பனி கொட்டத் தொடங்கியபோது
கதவைத் தட்டினாள்.
கெஞ்சத்தான் வந்திருப்பாள் என்று
முகத்தை அதிகாரி முகமாக்கிக்கொண்டு திறந்தேன்.
தோளில் ஒரு நீலத் தார்ப்பாய்.
"எனக்கு இல்லையென்றால் போகட்டும்.
நனைந்தால் யாருக்கும் எரியாது."
ஆளுக்கு இரண்டு முனை பிடித்தோம்.
காற்று அடியில் புகுந்து எங்களை ஒருமுறை இழுத்துப் பார்த்தது.
மூலைகளுக்குக் கல் அவளே தேடி வைத்தாள்.
தேநீர் குடிக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன்,
அடுப்பு ஞாபகம் வந்தது.

ஏப்ரலில் உத்தரவு.
அபராதம் உறுதி. மரம் ஏலத்துக்கு.
விறகை யாரும் ஏறிட்டுப் பார்க்காத மாதம் அது.
பாதி விலைக்கு எடுத்தவர்
ஓனியில் கறி சுட்டு விற்பவர்.
அவருடைய சான்றில் மை கூடக் காயவில்லை.
அறுபத்து நாலையும் நானே ஏற்றிக் கொடுத்தேன்.

தார்ப்பாய் எந்தப் பட்டியலிலும் இல்லை.
மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அவள் வீட்டுக்குப் போனேன்.
வேலியோரம் மூன்று அடிக்கட்டைகள்.
பிளம் மரங்கள். பூத்திருக்க வேண்டிய வாரம்.
"சொந்தத் தோட்டம். சான்று தேவையில்லை.
படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன்" என்றாள்,
நான் கேட்காமலே.
"பச்சை மரம். தை முழுக்க வீட்டுக்குள் புகைதான்."

தார்ப்பாயை வாங்கி, விரித்து, ஓங்கி உதறினாள்.
பீச் மரத்தூள் ஒரு பிடி இருக்கும்,
அவள் காலணி மேலும் விழுந்தது,
என் காலணி மேலும்.